வரம்புக்குக் கீழே ஒரு கோடு

சோதனை தொடங்கிய அறுபத்தோராம் நாள் காலை, ஒன்பது துறைமுக நிலையங்களின் செய்தி ஓட்ட வரைபடங்களையும் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த பிலோமினா மச்சாது, திருகோணமலை வந்ததும் விரலை நிறுத்தினாள். அந்த நிலையம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின வாரமும்.

அதிகமாக அனுப்பியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. கூட்டத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போகிறவனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவனுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவு. யாரும் கேட்காமலே ஒதுங்கி வழி விடுகிறவன்தான் அவளை உறுத்தினான். இருபது வருடமாகத் தொலைத்தொடர்புத் தணிக்கையில் இருந்தவளுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்போல ஊறியிருந்தது. எங்கே ஒன்று தேவைக்கு மேல் நல்லதாக இருக்கிறதோ, அங்கே அவள் இரண்டாவது முறை பார்ப்பாள்.

பெரிய நாடுகள் மூன்று அணிகளாகப் பிரிந்து, ஆளுக்கொரு கணினி வலையை வேலி போட்டு அடைத்துக்கொண்டு பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு ஒரு செய்தி போக வேண்டுமானால், அந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர்கள் படித்துப் பார்ப்பார்கள். பிடித்தால் விடுவார்கள். பிடிக்காத செய்திகள் என்ன ஆயின என்று கேட்க இடமில்லை. இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இந்தியப் பெருங்கடல் ஓரத்து ஒன்பது துறைமுகங்கள், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கடலடி வடங்களை ஒட்டுப்போட்டுச் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு வலை அமைக்க முடிவு செய்தன. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான புதிய நெறிமுறைகள் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் உரிமையாளராக இருந்தார். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது மிகப் பழையது ஒன்றுதான். போன நூற்றாண்டில் சில நூறு பல்கலைக்கழகக் கணினிகளை இணைப்பதற்காக எழுதிய இணைய நெறிமுறை.

அந்தப் பழசு ஒன்பது நாடுகளைத் தாங்குமா? தொண்ணூறு நாள் ஓட்டிப் பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டியது பிலோமினாவின் வேலை.

சோதனை ஆணையத்தின் செயலாளர் சச்சிதானந்தம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தவர். நிர்வாகத்தில் பழுத்தவர், தொழில்நுட்பம் தெரியாது என்பதை மறைக்க மாட்டார். அன்று மதியம் அவர் அறைக்கு வரைபடத்தோடு போனாள்.

"குறைச்சலா அனுப்பினா நமக்கு நல்லதுதானே?" என்றார் அவர்.

"சார், இந்த நெறிமுறை எப்படி வேலை செய்யுதுன்னு நினைக்கீங்க? ஒரு ஒத்தைப் பாலம். ரெண்டு பக்கமும் வண்டி. போலீஸ் கிடையாது, சிக்னல் கிடையாது. போன வண்டி சேர்ந்துச்சுன்னு ரசீது வரணும். வரலைன்னா பாலத்துல நெரிசல்னு அவனவனே புரிஞ்சுக்கிட்டு, வேகத்தைப் பாதியா குறைச்சுக்கிடணும். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும்."

"குறைக்கலைன்னா?"

"யாரும் கேக்க முடியாது. ஆரம்பத்துல இந்த விதியே கிடையாது. ரசீது வரலைன்னா திரும்ப அனுப்புவாங்க. நெரிசல்ல எல்லாரும் திரும்ப அனுப்பினா நெரிசல் கூடும். ஒரு தடவை அமெரிக்காவுல பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுலயே வேகம் ஆயிரத்துல ஒரு பங்கா விழுந்திருக்கு. அதுக்கப்புறம்தான் இந்தப் பாதிக் கணக்கைச் சேர்த்தாங்க."

சச்சிதானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலீஸ் இல்லாம அவனவனே ஒதுங்கணும். நம்ம ஊர்ல."

"அதான் நம்ம சோதனையே."

"சரி, அப்ப திருகோணமலைக்காரர் நல்லாத்தானே ஒதுங்குறார்?"

"தேவைக்கு மேல ஒதுங்குறார். நெரிசல் வந்த பிறகு இல்ல, வர்றதுக்கு முன்னாடியே. எப்ப வரும்னு அவருக்கு எப்படித் தெரியுது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கேள்வி அவருக்குள்ளும் இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

திருகோணமலை நிலையத்தின் பொறுப்பாளர் பெயர் குகதாசன். ஐம்பது வயதைத் தாண்டியவர். வாரக் கூட்டங்களில் திரையின் ஓரத்தில் தெரிவார். கேட்டால் ஒழியப் பேச மாட்டார். மறுநாள் காலை பிலோமினா அவரை நேராக அழைத்தாள்.

"உங்க நிலையம் குறைவா அனுப்புதே, ஏதாவது பழுதா?"

"பழுது ஒண்டும் இல்லை," என்றார் அவர். "எங்கட பக்கம் செய்தி குறைவாக்கும்."

"வரிசையில நிக்கிற செய்தி குறைவா இல்லையே. நிக்குது, நீங்க அனுப்பல."

"வடம் பழசு. சில நேரம் இழுவையா இருக்கும்," என்றார்.

வடத்தில் இழுவை இல்லை என்பதை அழைப்பதற்கு முன்பே அவள் சோதித்திருந்தாள். பதமாகப் பேசுகிற ஒரு மனிதர், கூசாமல் ஒரு பொய்யைச் சொல்கிறார். போதாதா? ஆணையத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த நிலையத்தின் உள்பதிவுகள் முழுவதையும் வரவழைத்தாள்.

நான்கு நாள் படித்தாள். ஐந்தாம் நாள் கிடைத்தது. நெறிமுறையில் இல்லாத ஒரு சிறு கோப்பு. ஒன்பதாம் நாளிலிருந்து குகதாசன் அதைத் தன் கையாலேயே எழுதி ஓட்டியிருந்தார். மற்ற எட்டு நிலையங்களும் எந்த நிமிடத்தில் எவ்வளவு வேகமாக அனுப்புகின்றன, எங்கே திணறுகின்றன, எப்போது பரபரக்கின்றன என்று அத்தனையும் அதில் இருந்தது. ஒரு துறைமுகத்தின் செய்தி ஓட்டத்தைப் பார்த்தே அங்கே எந்தக் கப்பல் வந்தது, எந்த அலுவலகம் விழித்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிடலாம். அந்த மூன்று அணிகளில் எதுவும் இப்படி ஒரு பட்டியலை வாங்கக் காத்திருக்கும்.

இன்னொன்றும் கிடைத்தது. நாற்பத்தேழாம் நாள் வங்கக் கடலில் புயல். சிட்டகாங்கிலிருந்தும் யாங்கோனிலிருந்தும் எச்சரிக்கைகள் வெள்ளமாக வந்தன, வலை தாங்கியது. ஆணையம் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது. அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம் திருகோணமலை ஏறக்குறைய ஊமையாக இருந்திருக்கிறது. தன் நாட்டுச் செய்திகளை குகதாசன் கையால் நிறுத்தி வைத்திருக்கிறார்.

பிலோமினா அறிக்கை எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கோப்பு இருந்தது, இருந்தது என்று எழுதினாள். இருபத்திரண்டு நிமிடம் நிறுத்தினார், நிறுத்தினார் என்று எழுதினாள். கடைசியில் 'நோக்கம் ஐயத்துக்குரியது' என்று ஒரு வரி. விதிப்படி அறிக்கையின் பிரதி அவருடைய நாட்டுக்கும் போயிற்று.

அவரை வேலையிலிருந்து மாற்றுவார்கள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். எழுபத்து நான்காம் நாள், விசாரணைப் பிரிவு அவரைக் கைது செய்து கொண்டுபோய்விட்டதாகச் செய்தி வந்தது. அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றுபோன செய்திகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று, கிராமத்து மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் வேறு நாட்டு நிபுணருக்கு அனுப்பியது. விபத்தில் நசுங்கிய காலின் படங்கள். பதில் வருவதற்குள் நேரம் கடந்து, காலை எடுத்துவிட்டார்கள்.

"உளவு மட்டும் இல்ல, சொந்த மக்களுக்கே கெடுதல் செஞ்சிருக்கான்," என்றார் சச்சிதானந்தம். "நீங்க கண்டுபிடிக்கலைன்னா தெரியாமலே போயிருக்கும்."

பாராட்டு என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவள், மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்ன, இறங்கலியா?" என்று கணவர் கேட்டார். "ஒண்ணுமில்ல," என்றாள்.

திருகோணமலைக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். கோப்பை அழித்தார். நெறிமுறையில் எழுதியிருந்தபடி மட்டும், ஒரு எழுத்துப் பிசகாமல் நிலையத்தை ஓட்டினார்.

எழுபத்தொன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு வலை விழுந்தது.

புயல் இல்லை, பூகம்பம் இல்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை. மொம்பாசாவில் ஒரு கப்பல் நிறுவனம் பெரிய சரக்குப் பட்டியல் ஒன்றை அனுப்பியது, அவ்வளவுதான். நெரிசல். எல்லோரும் திரும்ப அனுப்பினார்கள். மீண்டும் நெரிசல். பதினொன்றரை மணிக்கு ஒன்பது நாடுகளுக்கும் இடையே போன வேகம், பிலோமினா சச்சிதானந்தத்திடம் சொன்ன அந்தப் பழைய கதையைப் போலவே, ஆயிரத்தில் ஒரு பங்காகியிருந்தது. ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்க மாலை ஆகிவிட்டது.

புதிய பொறுப்பாளர் மேல்தான் அவளுடைய முதல் சந்தேகம் போயிற்று. அவரிடம் குறை ஒன்றும் இல்லை. பிறகு அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். நாள் முழுவதன் சராசரியை விட்டுவிட்டு, நெரிசல் வந்த அந்த அரை நிமிடங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தாள்.

பாதியாகக் குறைக்க வேண்டிய இடத்தில் பினாங்கு கால் பங்குதான் குறைத்திருந்தது. யாங்கோனும் அப்படியே. மாலே, மொம்பாசா, எல்லாம். நாள் சராசரியில் அது தெரியவே தெரியாது. பிரச்சினை வந்த நொடியில் மட்டும் எல்லோரும் கொஞ்சம் முட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

பினாங்கு நிலையத்தின் லத்தீபாவை அழைத்தாள். லத்தீபா பழகியவள், மறைக்கவில்லை.

"எல்லாரும்தான்க்கா செஞ்சாங்க. நாங்க மட்டும் பாதியா குறைச்சா எங்க ஆளுங்க செய்திதானே பிந்தும்? பயந்து பயந்துதான் மாத்தினோம். ஒண்ணும் ஆகல. எடம் இருந்துச்சு, போனோம்."

"இடம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா?"

"இல்லக்கா."

பிலோமினா அழைப்பைத் துண்டித்தாள். எட்டு நிலையங்களைப் பார்த்தாயிற்று. ஒன்பதாவது அவள் உட்கார்ந்திருந்த கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. தூத்துக்குடி. எழுபத்தொன்பது நாளும் அதன் உள்பதிவை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. நம்முடையதுதானே என்ற நினைப்பு. திறந்தாள். பன்னிரண்டாம் நாளே மாற்றியிருந்தார்கள். கால் பங்குகூட இல்லை; பத்தில் ஒரு பங்குதான் குறைத்தது. எட்டிலும் மோசம் தூத்துக்குடிதான்.

"நான்தான் சொன்னேன்," என்றார் சச்சிதானந்தம். கேட்டதும் சொல்லிவிட்டார். "சோதனை நடக்கிற ஊர்லயே செய்தி பிந்துதுன்னா மானம் போகாதா? சின்ன மாத்தம்னுதான் கீழ சொன்னாங்க."

"அப்ப எட்டுப் பேரும் தள்ளினதைத் தாங்கினது அவர் ஒருத்தர். யார் எப்ப தள்ளுவாங்கன்னு பார்த்து, முன்கூட்டியே ஒதுங்கியிருக்கார். அதுக்குத்தான் அந்தக் கோப்பு."

செயலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிலோமினா, நிதானமா கேளுங்க. அந்தாள் செஞ்சதை நம்ம நிலையம் இனிமே சத்தமில்லாம செய்யட்டும். இன்னும் பதினோரு நாள். 'தாங்கும்'னு எழுதிடுங்க. தாங்காதுன்னு எழுதினா, ஒன்பது நாடும் திரும்பவும் அந்த மூணு வாசல்லயே போய் நிக்கணும். எத்தனை லட்சம் பேர்."

"அவர்?"

"அவர் வழக்கு அவங்க நாட்டு விஷயம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை அலைக்கழித்தது. மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கப்பலேறினாள். அறிக்கை எழுதியவள் என்பதால் சாட்சி என்ற பெயரில் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது.

சுண்ணாம்பு அடித்த சின்ன அறை. வாசலில் ஓர் அதிகாரி. குகதாசன் மெலிந்திருந்தார், சட்டையின் மேல் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டிருந்தார்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சனான்," என்றார். "திகதி, நிமிஷம் எல்லாம் சரி."

"அன்னைக்கு ஏன் எங்கிட்ட சொல்லல? பழுதான்னு கேட்டேனே."

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

"பதிவு பண்ணியிருப்பேன்."

"ஓம். பதிஞ்சா மற்ற எட்டுப் பேரும் வாசிப்பினம். திருகோணமலை வழி விடுகுது எண்டு தெரிஞ்சால் இன்னும் கொஞ்சம் நெருக்குவினம். தெரியாமலே அவ்வளவு நெருக்கினவை."

"அந்தப் பட்டியல் வேற கைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும், தெரியுமா?"

"தெரியும். ஆர் நெருக்கினம் எண்டு பாக்காமல் எப்படி விலகிறது? அதுக்கு அதுதான் வேணும். உளவு பாக்கவும் அதேதான் வேணும். நீங்கள் சந்தேகப்பட்டது பிழை எண்டு நான் சொல்லேல்லை."

"அந்தக் கால் போனவர்..." என்றாள்.

"யோகராசா. லொறி ஓட்டினவர். புயலுக்கு அடுத்த நாளே என்னென்ன செய்தி நிண்டது எண்டு தேடிப் பாத்தனான். பாத்திட்டு அவற்ற வீட்டை போனனான். நான்தான் நிப்பாட்டினது எண்டு சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"அவற்ற மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா. குடிக்க ஏலாமல் எழும்பி வந்திட்டன்."

வாசலில் நின்ற அதிகாரி இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தார்.

"அந்த நாள் திரும்ப வந்தா?" என்று கேட்டாள் பிலோமினா.

"அதைத்தான் இஞ்ச ஒவ்வொரு நாளும் கேக்கினம். சிட்டகாங்கில அண்டைக்கு எத்தனை வள்ளம் கரைக்குத் திரும்பினது எண்டு எனக்குத் தெரியும். யோகராசாவையும் தெரியும். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்க எனக்குத் தெரியேல்லை."

சச்சிதானந்தம் சொன்னதை அவள் அவரிடம் முழுவதுமாகச் சொன்னாள். உண்மையை எழுதினால் அவர் மேல் உள்ள உளவுப் பழி நீங்கலாம், வலை போய்விடும். எழுதாவிட்டால் வலை பிழைக்கும். அவர் இங்கேயே இருப்பார்.

குகதாசன் கவனமாகக் கேட்டார். "என்ன எழுதப் போறியள்?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"என்னைக் கேட்டு எழுதினால் அது என்ர அறிக்கை," என்றார். "நான் சும்மாவே குற்றவாளி."

அவர் சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று அதிகாரி சொன்னார்.

தொண்ணூறாம் நாள் பிலோமினா இறுதி அறிக்கையைக் கொடுத்தாள். இந்த நெறிமுறை பெரிய பன்னாட்டு வலையைத் தானாகத் தாங்காது. ஒவ்வொருவரும் சொன்னபடி ஒதுங்கினால் மட்டுமே தாங்கும். எட்டு நிலையங்கள் ஒதுங்கவில்லை, அதில் முதலாவது தூத்துக்குடி. எழுபத்து மூன்று நாள் வலை விழாமல் இருந்தது திருகோணமலைப் பொறுப்பாளர் தன் நாட்டுச் செய்திகளைப் பின்னால் நிறுத்தியதால். தன்னுடைய முந்தைய அறிக்கையின் கடைசி வரி தவறு என்றும் எழுதினாள். சச்சிதானந்தம் ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை.

வலை போய்விடும் என்று இருவருமே நினைத்தார்கள். போகவில்லை. ஒன்பது நாடுகளும் கூடிப் பேசி வேறு முடிவுக்கு வந்தன. அவனவனே ஒதுங்குவான் என்று விட்டால்தானே சிக்கல்? ஒரு கட்டுப்பாட்டு மையம் வைப்போம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரம்பு. தாண்டினால் தண்டனை. யோகராசாவின் கால் எல்லோருக்கும் நினைவிருந்ததால், இன்னொரு விதியும் சேர்ந்தது: எந்த நிலையமும் தன் மக்களின் செய்தியை வரம்புக்குக் கீழே நிறுத்தி வைப்பதும் குற்றம்.

குகதாசனை விடுவித்தார்கள். மையத்தின் தலைமையை அவருக்கே கொடுக்க முன்வந்தார்கள். அவர் மறுத்துவிட்டு, ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். பதவி பிலோமினாவுக்கு வந்தது. எல்லோரையும் கண்காணிக்கச் சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று ஆணையத்தில் யாரோ சொன்னார்களாம்.

அவள் அதை நன்றாகச் செய்தாள். சுவரளவு திரையில் ஒன்பது கோடுகள். முதல் மாதம் மூன்று நிலையங்களுக்கு எச்சரிக்கை போயிற்று, இரண்டாம் மாதம் ஒன்றுக்கு. அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. ஒன்பது கோடுகளும் வரம்புக் கோட்டின் மேல் ஒட்டிவைத்ததுபோலப் படுத்துக் கிடந்தன. ஒன்றும் மேலே போகவில்லை, ஒன்றும் கீழே இறங்கவில்லை. நாளின் முடிவில் 'விதிமீறல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு மதியம் சிட்டகாங்கிலிருந்து அழைப்பு வந்தது. புயல் சட்டென்று திசை மாறியிருந்தது. கரையோர ஊர்களுக்கெல்லாம் தனித்தனி எச்சரிக்கை போக வேண்டும். அவர்களின் வரம்பு போதவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு இடம் கிடைக்குமா?

பிலோமினா மற்ற எட்டு நிலையங்களையும் கேட்டாள். எட்டுப் பதில்களும் பத்து நிமிடத்துக்குள் வந்தன. எட்டும் கிட்டத்தட்ட ஒரே வாசகம். 'எங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறோம். கீழே இறக்க எங்களுக்கு அனுமதி இல்லை.' ஒன்றிலும் தவறு கண்டுபிடிக்க முடியாது. அனுமதி கொடுக்க மையத்துக்கும் அதிகாரம் இல்லை; ஒன்பது நாடுகளும் கூடி முடிவெடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு நாள்.

அவள் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள். தூத்துக்குடி நிலையத்தில் பணியில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"உட்காருங்க," என்றாள். "இதை நான் செய்யுதேன். நீங்க செய்யல, பார்த்துக்கிடுங்க."

வரிசையில் நின்ற செய்திகளின் பட்டியலைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று வாசித்தாள். மருத்துவமனையிலிருந்து இரண்டு இருந்தன. அவற்றை முன்னால் தள்ளிவிட்டாள். மருத்துவமனை என்று எழுதாத அவசரம் எது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பெயர்களைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தூத்துக்குடியின் வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினாள்.

மாடிக்கு வந்தபோது திரையில் அந்தக் கோடு தனியாகக் கீழே கிடந்தது. சிட்டகாங்கின் கோடு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து விதிமீறல் பதிவேட்டைத் திறந்து, நாள், நேரம், நிலையம் எழுதி, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'சிட்டகாங்குக்கு வழி விட்டது' என்று எழுதினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது இன்னொரு கோடும் அசைந்திருந்தது. பினாங்கு. கொஞ்சமாக, கைக்குள் மறைத்துக்கொண்டு செய்ததைப்போல, வரம்புக்குக் கீழே நழுவியிருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் முடியாது என்று எழுதி அனுப்பியிருந்தாள் லத்தீபா. இவள் இப்போது எதற்காக இறங்குகிறாள்? யாருக்காக? என்ன எதிர்பார்க்கிறாள்? பிலோமினாவுக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விகள்தான். பதிவேட்டின் அடுத்த வரியில் அவள் பேனா ஏற்கெனவே நேரத்தை எழுதத் தொடங்கியிருந்தது.

இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினாள். அந்த வரியை அடித்துவிட்டு, பதிவேட்டை மூடி வைத்தாள். சிட்டகாங்கின் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.